பேசுகிற தகடு

"மாஸ்டர், நம்ம பட்டறையில ஒரு கள்ளன் இருக்கானுங்க" என்றாள் துளசிமணி.

"என்னக்கா காணோம்?"

"ஒண்ணும் காணாமப் போகலீங்க. ஒண்ணு கூட வந்து சேர்ந்திருக்குது."

"என்ன?"

"சத்தமுங்க."

மாஸ்டர் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

அவர் பெயர் அருமைநாயகம். போத்தனூரில் பழைய கார்களுக்கு உடம்பு கட்டித் தரும் பட்டறை வைத்திருந்தார். வயது முப்பத்தாறு. துளசிமணி அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள். பாத்திரக் கம்பெனியில் அலுமினிய மூடிகளைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தவள், கம்பெனி மூடப்பட்டதும் இங்கே வந்து வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தாள். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை மாஸ்டர் என்பாள். கோபம் வந்தால் மட்டும் தம்பி என்பாள்.

அந்த மாதம் பட்டறையில் நின்றது குன்னூர் எஸ்டேட்காரர் ஒருவரின் வண்டி. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்து இறங்கியது. ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கிற நீளத்துக்கு பானெட். அதன் மேல்தகடு மெல்லியது. அப்படியே விட்டால் வண்டி ஓடும்போது நடுங்கும். உள்ளே இரும்பை முட்டுக் கொடுத்தால் நடுக்கம் நிற்கும். ஆனால் பானெட்டைத் தூக்க நாலு பேர் வேண்டும். அதனால் அலுமினியத்தில் உள்தகடு செய்து பொருத்துவார்கள். அட்டை கனம்கூட இருக்காது. மர அச்சின் மேல் வைத்து, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் தட்டி, ஓரத்தை மடக்கி, நெடுக வரி வரியாக மேடு எழுப்பினால் அந்தச் சின்னத் தகட்டுக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

வலப்பக்கத்து உள்தகடு செம்மலை அடித்தது. செம்மலை, கரூரில் பஸ் கட்டும் பட்டறையிலிருந்து புதிதாக வந்தவன். இடப்பக்கத்து உள்தகடு துளசிமணி அடித்தது.

அவளுடைய தகடுதான் சத்தம் போட்டது. நடுவில் கை வைத்து அழுத்தினால் 'டப்' என்று உள்ளே போகும். கையை எடுத்தால் 'டுப்' என்று வெளியே வரும், பிஸ்கட் டின் மூடியைப் போல. பட்டறைக்காரர்கள் இதைத் 'தகடு பேசுது' என்பார்கள். பேசுகிற தகட்டை வண்டியில் ஏற்றினால், மலை ஏறி இறங்குவதற்குள் கீறல் விட்டுவிடும்.

"எப்பப் பேசுது?" என்றார் மாஸ்டர்.

"அதுதானுங்க சூது. காலையில வந்து பார்த்தா வாயத் திறக்கறதில்ல. மத்தியானத்துக்கு மேல பேச ஆரம்பிக்குது. பொழுது சாயறதுக்குள்ள தொணதொணன்னு ஆயிருது. மறுநாள் காலையில பார்த்தா மறுபடியும் ஊமை."

"காலையில நல்லாத்தானே இருக்குது?"

"நல்லா இருக்கற மாதிரி இருக்குதுங்க. சோத்துல மருந்து வெச்சா உடனேவா காட்டும்? மெல்லத்தானே வேலை செய்யும்? விடியக் காலையில எவனோ வந்து என்னத்தையோ பண்ணிட்டுப் போறான். மத்தியானம் அது வேலையக் காட்டுது."

"யாரு அப்படி விடியக் காலையில வர்றது?"

துளசிமணி பேரைச் சொல்லவில்லை. மோவாயை மட்டும் திருப்பினாள். அந்தத் திசையில் செம்மலை குனிந்து, ஒரு கதவின் உள்தகட்டுக்கு ஓரம் மடக்கிக்கொண்டிருந்தான்.

அவன்தான் எல்லோருக்கும் முன்னால் வருகிறவன். பக்கக் கதவின் சாவி அவனிடம் இருந்தது. துளசிமணி வரும்போது அவன் வாசலைக் கூட்டிக்கொண்டிருப்பான், அல்லது டீ வாங்கப் போயிருப்பான். வேலை செய்துகொண்டிருக்க மாட்டான். முன்னாலேயே வருகிறவன், வந்து சும்மா இருப்பானா? அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பார்க்கலாங்க்கா" என்றார் மாஸ்டர். "நான் ஒண்ணு சொல்லியிருந்தேனே, ஞாபகம் இருக்குதா?"

"என்னுங்க?"

"முடிஞ்ச தகட்டைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு."

"நான் எங்கீங்க பண்றேன்? சும்மா பார்த்துக்கறேன், அவ்வளவுதான்."

மாஸ்டர் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் இப்படிச் சொன்னதும் துளசிமணிக்குப் பிடிக்கவில்லை. தொடாதே என்று ஏன் சொல்கிறார்? தொட்டால் எதைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயப்படுகிறார்?

அவள் அப்படிப்பட்டவள். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வீட்டுக்கு வருவாள். மூடித்தான் இருக்கும். ஒருமுறை திறந்து, மறுபடி மூடிவிட்டுப் போவாள். அப்படித் திரும்பி வந்து பழகியவர்களுக்குத்தான் அவள் மனசு புரியும்.

தகட்டையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கை வைப்பதுபோல, போகும்போதும் வரும்போதும் நடுவில் ஓர் அழுத்து. சத்தம் வந்தால் அந்த இடத்திலேயே கொட்டாப்புளியால் மெல்ல ஒரு தட்டு. அதட்டுவதுபோல.

அன்று மாலை கிளம்பும்முன், சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த கோலப்பொடி. மேஜையின் மேல் தகட்டைச் சுற்றி, ஊதினால் பறக்கிற அளவுக்கு மெல்லிசாகத் தூவினாள். யாரும் பார்க்கவில்லை என்று பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பொடி கலைந்திருந்தது. நாலு விரல் பதிந்த இடம் ஒன்று. அதன் பக்கத்தில் வட்டமாக ஒரு தடம். கொட்டாப்புளியை நிறுத்தி வைத்த தடம். அந்த வட்டத்துக்குள் தோலின் சுருக்கம்கூடத் தெரிந்தது.

பட்டறையில் தோல் போர்த்திய கொட்டாப்புளி ஒருவனிடம்தான் இருந்தது.

"மாஸ்டர்!" என்று அவள் கத்தியதில் கூரைமேல் இருந்த காக்கை பறந்தது.

மாஸ்டர் வந்தார். செம்மலையும் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தான்.

"செம்மலை, என்ற தகட்டைத் தொட்டியா நீயி?"

"தொட்டனுங்க்கா."

அவன் இல்லை என்பான், அதற்குத் தான் இன்னது சொல்ல வேண்டும் என்று அவள் தயாராக வந்திருந்தாள். ஆமாம் என்றதும் அதெல்லாம் வீணாயிற்று.

"எதுக்குத் தொட்டே?"

"பேசிட்டு இருந்துச்சுங்க."

"ஓ. உன்கிட்ட மட்டும் தனியாப் பேசுச்சா? என்ன சொல்லுச்சு? என்னையப் பத்தி எதாச்சும் குறை சொல்லுச்சா?"

செம்மலை மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் கோலப்பொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அடிச்ச தகடு மட்டும் ஏன் பேச மாட்டேங்குது? வாயில துணி வெச்சு அடைச்சிருக்கியா?"

"இல்லீங்க்கா. நான் அதைப் பேசச் சொல்லிக் கேக்கறதில்ல" என்றான் செம்மலை. சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டான்.

அந்தப் பதில் அவளுக்குத் திமிராகப் பட்டது.

"பார்த்தீங்களா மாஸ்டர்? அவனே ஒத்துக்கிட்டான்."

"ஆமாங்க்கா. தொட்டிருக்காரு."

"உங்களுக்கு ஆச்சரியமா இல்லியா?"

"இல்லீங்க."

துளசிமணி அவரை உற்றுப் பார்த்தாள். அப்படியானால் இவருக்கும் தெரியும். இருவருமாகச் சேர்ந்துதான் செய்கிறார்கள். எதற்காக? பொம்பளை அடித்த தகடு வெள்ளைக்காரன் வண்டியில் ஏறக் கூடாது என்றா?

"தம்பி" என்றாள். "அவனை அனுப்பிருங்க."

"எங்க?"

"கரூருக்கு. பஸ் கட்டற ஊருக்கே போகட்டும். அவன் இங்க இருந்தா நான் இல்லை."

செம்மலைக்கும் இது கேட்டது. அவன் தட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் தட்டின் இடைவெளி மாறியது. அவன் போன மாதம்தான் குடும்பத்தைப் போத்தனூருக்குக் கூட்டி வந்திருந்தான். பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தான். அது எல்லோருக்கும் தெரியும். துளசிமணிக்கும் தெரியும்.

மாஸ்டர் உள்ளே போய் ஒரு சாவிக்கொத்தோடு வந்தார். மூலையில் இருந்த இரும்பு பீரோவைக் காலி செய்தார்.

"சனிக்கிழமை பானெட்டை மூடறோம்" என்றார். "அதுவரைக்கும் தகடு இதுக்குள்ள இருக்கட்டும். சாவி உங்ககிட்ட. உங்களைத் தவிர யாரும் இந்தப் பக்கம் வர மாட்டாங்க. நானும் வர மாட்டேன். சனிக்கிழமை தகடு பேசலைன்னா, செம்மலையண்ணன் கெளம்பிக்கட்டும்."

பிறகு திரும்பி, "சரிங்களாண்ணா?" என்றார்.

"சரிங்க மாஸ்டர்" என்றான் செம்மலை.

பேசினால் என்ன என்று துளசிமணி கேட்கவில்லை. அப்படி ஒன்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். தகட்டை ஒரு பழைய சேலையில் சுற்றி பீரோவில் வைத்தாள். வைக்கும்முன் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். ஊமையாக இருந்தது. நிம்மதியாகப் பூட்டினாள். பூட்டிவிட்டுக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். இன்னொருமுறை இழுத்துப் பார்த்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் பீரோவைத் திறந்தாள். அழுத்தினாள். ஒன்றுமில்லை. நன்றாகத்தான் அழுத்தினோமா என்று மறுபடி அழுத்தினாள். லேசாக ஏதோ கேட்டதுபோல் இருந்தது. கேட்டதா, இல்லை பிரமையா? கொட்டாப்புளியை எடுத்து மெல்ல ஒரு தட்டு.

மாலையில் திறந்தபோது 'டப்' என்றது. சின்னதாக. ஆனால் நிச்சயமாக.

பீரோவின் முதுகுப்பக்கம் ஆட்டம் கண்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். பீரோவைச் சுவரோடு ஒட்டி நகர்த்தினாள். தள்ள முடியாமல் முக்கி முனகியபோது செம்மலை உதவிக்கு எழுந்தான். அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"வேண்டாஞ் சாமி. நீ அங்கயே இரு."

அவன் அங்கேயே இருந்தான்.

அன்று மாலையே செம்மலை பக்கக் கதவின் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டான். மறுநாளிலிருந்து முன்னால் உள்ளே போவதையும் நிறுத்திவிட்டான். துளசிமணி வந்து கதவைத் திறக்கும் வரை வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிளில் சாய்ந்து நின்றான். அவள் உள்ளே போய் விளக்கைப் போட்ட பிறகே வாசல் மிதித்தான். பீரோ இருந்த பக்கம் போக வேண்டியிருந்தால் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனான்.

குற்றம் இல்லாதவன் எதற்குச் சுற்றிப் போக வேண்டும் என்று நினைத்தாள் அவள்.

காலையில் பீரோவைத் திறந்தாள். தகடு பேசியது.

முன்பெல்லாம் காலையில் ஊமையாகவாவது இருந்தது. இப்போது பூட்டிய பீரோவுக்குள்ளிருந்தே, விடிந்ததும் பேசுகிறது. எப்படி நுழைந்தான்? யார் திறந்துவிட்டார்கள்?

இன்னொரு விஷயமும் அவளைக் கலவரப்படுத்தியது. வெயில் ஏறி, தகரக் கூரை காய ஆரம்பித்ததும், பட்டறையில் அங்கங்கே 'டக்', 'டுக்' என்று சத்தம் கேட்டது. சுவரில் சாய்த்து வைத்திருந்த மட்கார்டு. டிக்கி மூடி. போன வாரம் வரை வாய் திறக்காத தகடுகள். இத்தனையையும் ஒருவன் எப்போது கெடுத்தான்?

"மாஸ்டர், கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க்கா."

"முன்னாடி இப்படி இல்லியே?"

"இல்லீங்க."

"இப்ப மட்டும் ஏன்?"

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

அவள் நினைப்பதைச் சொல்லவில்லை. இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. சொன்னால் அவனுக்குப் போய்விடும். அவள் போய் பீரோவைத் திறந்து தகட்டை அழுத்தினாள். பேசியது. தட்டினாள். அடங்கியது. அழுத்தினாள். பேசியது.

வீட்டில் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். அங்கே இருக்கிறதா என்று கையை விட்டுக் கையை விட்டுப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை. வண்டி நடுவில் நின்றது. பானெட்டைக் கழற்றி இரண்டு முக்காலிமேல் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். செம்மலையின் வலப்பக்கத் தகடு ஏற்கெனவே தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. அவனுடைய சாமான்களெல்லாம் ஒரு துணிப்பையில் கட்டி வாசலோரம் வைக்கப்பட்டிருந்தன. தோல் கொட்டாப்புளியின் கைப்பிடி பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கொண்டாங்க்கா" என்றார் மாஸ்டர்.

துளசிமணி பீரோவைத் திறந்தாள். தகட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தாள்.

டப்.

அவள் நின்றாள். மறுபடி அடியெடுத்து வைத்தாள்.

டுப்.

அவள் அழுத்தவே இல்லை. ஒவ்வோர் அடிக்கும் தகடு தானாகப் பேசியது. பீரோவிலிருந்து வண்டிவரை பேசிக்கொண்டே வந்தது. இவ்வளவு சத்தம் அது என்றைக்கும் போட்டதில்லை. பானெட்மேல் அதை மெல்ல இறக்கினாள். அதற்கும் பேசியது.

"கள்ளச்சாவி" என்றாள். "இந்த பீரோவுக்குக் கள்ளச்சாவி இருக்குதுங்க தம்பி. சத்தியமாச் சொல்றேன்."

"இந்த பீரோவுக்கு ரெண்டு சாவிங்க" என்றார் மாஸ்டர்.

"பாருங்க! இன்னொண்ணு எங்க?"

"ரெண்டையும் சேர்த்துத்தான் கொடுத்தேன்."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வளையத்தில் இரண்டு சாவிகள் இருந்தன. இத்தனை நாளும் இரண்டும்தான் இருந்திருக்கின்றன.

தகடு அவள் விரல் பட்டு ஒருமுறை பேசியது.

"யாராவது தொட்டாங்களாக்கா?"

"யாரும் தொடலீங்க. நான்தான் அப்பப்ப பார்த்துக்கிட்டேன்."

"எப்படிப் பார்த்தீங்க?"

"இப்படித்தானுங்க" என்று அவள் உள்ளங்கையைத் தகட்டின் நடுவில் வைத்தாள். டப். எடுத்தாள். டுப். வலது கை தானாகக் கொட்டாப்புளியைத் தேடிப் போனது. பாதி வழியில் நின்றது.

மாஸ்டர் தகட்டை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார்.

நடுவில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, சின்னச் சின்னப் பளபளப்புகள். ஒன்றின்மேல் ஒன்றாக. மழைத்துளி விழுந்த குளம்போல.

"இது யாரு கை?"

துளசிமணி தன்னுடைய கொட்டாப்புளியைப் பார்த்தாள்.

"தட்டத் தட்ட தகடு விரியுங்க. விரிஞ்சது போக இடமில்லாமத்தான் பேசுது. மூடி அடிச்சவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாததா?" அவர் தகட்டை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். ஓரம் நெடுக வேறு வகைத் தடங்கள் தெரிந்தன. மங்கலானவை, அகலமானவை. தோல் பட்ட தடங்கள். "இது வேற கை. ஓரத்தை விரிச்சு, நடுவுக்கு இடம் கொடுத்திருக்குது. உங்க கை ஒருநாள் பண்ணினதுக்கு இந்தக் கை மறுநாள் வழி பண்ணியிருக்குது. பீரோவுல வெச்சதுக்கப்புறம் இந்தக் கை படவே இல்லை."

"அப்ப, தினமும் காலையில..."

"கரூர்ல அவங்க பட்டறையில ஒரு பழக்கமுங்க. முதல்ல வர்றவன் ஒரு சுத்து சுத்தி வரணும். எந்தத் தகடு பேசுதோ அதை அடக்கிட்டுத்தான் தன் வேலையத் தொடணும். யாரு தகடுன்னு கேக்கக் கூடாது. அடக்கினேன்னு சொல்லவும் கூடாது."

மட்கார்டு சுவரோரத்தில் 'டக்' என்றது. அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள். டிக்கி மூடியைப் பார்த்தாள். அவை ஏன் இந்த வாரம் பேசின என்று அவள் இப்போது கேட்கவில்லை.

"நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"சொன்னேனேங்க்கா. தொந்தரவு பண்ணாதீங்கன்னு."

அது உண்மைதான். அப்படிச் சொன்னபோது தான் என்ன நினைத்தோம் என்பதும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"தகடு வீணாப் போச்சுங்களா?"

மாஸ்டர் அவளுடைய சாப்பாட்டுத் தூக்கின் தட்டை எடுத்துவரச் சொன்னார். அதைத் தகட்டின் நடுவில், பளபளப்புகளின் மேல் கவிழ்த்தார். சுற்றி ஒரு கோடு கிழித்தார். கத்தரியால் அந்த வட்டத்தை வெட்டி எடுத்தார். அவள் அத்தனை நாள் அழுத்தியும் தட்டியும் வந்த இடம் சுருண்டு தரையில் விழுந்தது.

"ஐயோ, ஓட்டை போட்டுட்டீங்களே!"

"எப்படியும் போடறதுதானுங்க. ஓட்டை போட்டு அதோட விளிம்பை மடக்கினாத்தான் கனமும் குறையும், உறுதியும் வரும். கடைசி வேலை அதுதான்."

அவர் தகட்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில், வெட்டிய விளிம்பை ஒட்டி, பென்சிலால் போட்ட வட்டத்தின் மிச்சம் இருந்தது. தகடு அடிக்க ஆரம்பித்த நாளில் மாஸ்டர் குறித்தது.

"அப்ப நான் இத்தனை நாளாக் காவல் காத்தது..."

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"செம்மலையண்ணா, விளிம்பு மடக்கணும். ரெண்டு ஆள் வேணும்" என்றார்.

செம்மலை வாசலுக்குப் போய், பையிலிருந்து கொட்டாப்புளியை மட்டும் உருவிக்கொண்டு வந்தான். துளசிமணி எதிர்ப்பக்கம் நின்று, ஓட்டைக்கு அடியில் மரவளையத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் தட்டிக்கொண்டே சுற்றி வந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் கையையே பார்த்தாள்.

"அழுத்தாதீங்க்கா" என்றான் ஒருமுறை. "சும்மா ஏந்திக்கிட்டா போதும்."

விளிம்பு சுற்றிலும் கிண்ணத்து வாய்போல மடங்கியது. தகட்டை இடப்பக்கத்தில் பொருத்தினார்கள். பானெட்டை வண்டிமேல் ஏற்றித் திறந்தார்கள், மூடினார்கள். ஒரு சத்தமும் இல்லை. துளசிமணியின் உள்ளங்கை தானாக எழுந்தது. அதை அவள் மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

எஸ்டேட்காரர் வந்து வண்டியை எடுத்துப் போனார். மாலையில் செம்மலை கொட்டாப்புளியைத் துடைத்துப் பைக்குள் போட்டான். பையைச் சைக்கிளில் மாட்டினான். திங்கட்கிழமை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. துளசிமணி ஏதோ சொல்லத்தான் வாசல்வரை வந்தாள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"டயர்ல காத்துக் கம்மியா இருக்குது. பார்த்துப் போ."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை அவள் எல்லோருக்கும் முன்னால் வந்தாள். அன்று கேஸைப் பார்க்க வீட்டுக்குத் திரும்பவில்லை. வேப்பமரத்தடியில் சைக்கிள் இல்லை. கதவைத் திறந்து உள்ளே போய் நின்றாள்.

சற்று நேரத்தில் மாஸ்டர் வந்தார்.

"அவரு வருவாருங்களா?" என்றாள்.

"தெரியலீங்க்கா."

வெயில் கூரையில் ஏறியது. 'டக்' என்றது ஒரு தகடு. அவள் திரும்பிப் பார்த்தாள். செம்மலை பாதியில் விட்டுப் போன, கதவின் உள்தகடு. மறுபடியும் 'டக்' என்றது.

அவள் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள். தன்னுடைய கொட்டாப்புளியின் தலையில் ஒரு பழைய தோல் துண்டைச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டினாள். செம்மலையின் மேஜைக்குப் போனாள். தகட்டின் நடுவை அவள் தொடவில்லை. ஓரத்தைத் தூக்கி, அடியில் மரக்கட்டையைக் கொடுத்து, கையை ஓங்கினாள்.

அப்போது வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

அவள் ஓங்கிய கையோடு உறைந்துபோனாள். அவன் தகட்டின்மேல், அவன் இல்லாத நேரத்தில், கொட்டாப்புளியோடு நிற்கிறாள்.

"மாஸ்டர், அவரு வந்துட்டாருங்க" என்றாள் மெதுவாக. "இப்படி நிக்கறதைப் பார்த்தா என்னைய என்ன நினைப்பாரு?"

"நீங்க நினைச்சதைத்தான்" என்றார் மாஸ்டர். "தட்டுங்க."